ஓடியது அமீபாதான்

கோடு போடாத ஒரு வெள்ளைத்தாள், அதில் நீல மையில் சில வரிகள். "மதிப்பிற்குரிய துறைத் தலைவர் அவர்களுக்கு. புதன்கிழமை செய்முறைத் தேர்வுக்கு நான் வைத்த கிண்ணத்தில் இருந்தது அமீபாதான். காலையில் பழைய தண்ணீரை எடுத்துவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றினேன். அதன் பிறகு அமீபா வால் முளைத்து ஓடியது. என் கண்ணால் பார்த்தேன். இதில் என் கவனக்குறைவு எதுவும் இல்லை." கீழே கையெழுத்து. மெமோவுக்கு இப்படி ஒரு பதில் எழுதிய ஆளை என் வேலைக்காலத்தில் வேறெங்கும் நான் பார்த்ததில்லை. அந்தத் தாளை முதலில் வாசித்தவள் நான்தான். வாசித்ததும் எனக்கு வந்தது கோபம். எனக்கு எதற்கும் முதலில் கோபம்தான் வரும், மற்றவை எல்லாம் பிறகு மெதுவாக வந்து சேரும்.

எழுதியவர் எங்கள் விலங்கியல் துறையின் ஆய்வக உதவியாளர். மாணவர்கள் 'லேப் அக்கா' என்பார்கள். அவரைவிட ஐந்தாறு வயது மூத்தவளான நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். திருவையாற்றைத் தாண்டி உள்ளே இருக்கும் ஒரு கிராமம் அவருக்கு. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நட்டு அறுத்தவர்கள். அண்ணன் குத்தகைக்கு எடுத்துப் பயிர் வைத்தார், தங்கை தாவரவியலில் பட்டம் வாங்கிவிட்டுத் தஞ்சாவூருக்குப் பேருந்தேறி எங்கள் கல்லூரிக்குத் தற்காலிகப் பணியாளராக வந்தார். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய கதை இது. அப்போது அவர் வேலைக்கு வந்து பதினோராவது வருடம். தற்காலிகப் பணியாளர்களை நிரந்தரமாக்கப் பெயர்ப் பட்டியல் கேட்டு மேலிடத்திலிருந்து கடிதம் வந்திருந்த சமயம்.

மற்றக் கல்லூரிகளில் செய்முறைத் தேர்வுக்கு விலைக்கு வாங்கிய, சாயம் ஏற்றிய அமீபாவைத்தான் வைப்பார்கள். அது செத்து எத்தனை வருடமானதோ யாருக்கும் தெரியாது. எங்கள் துறையில் உயிருள்ள அமீபா வைப்போம். துறைத் தலைவருக்கு அதில் அப்படி ஒரு பெருமை. அந்தப் பெருமைக்கான வேலை முழுவதும் லேப் அக்காவுடையது. அண்ணன் வயலில் சம்பா நட்டுத் தண்ணீர் நிற்கும்போது ஒரு பாட்டிலில் சேறும் தண்ணீருமாக எடுத்து வருவார். "யூரியா போடறதுக்கு முன்னாடி எடுத்துடணும் மேடம், போட்டுட்டா ஒண்ணும் தேறாது" என்பார். கண்ணாடிக் கிண்ணத்தில் அந்தத் தண்ணீரை ஊற்றி, அவித்த பச்சரிசி நாலைந்து மணி போட்டு மூடி வைப்பார். புழுங்கலரிசி கூடவே கூடாது என்பது அவருடைய கட்சி. ஒரு வாரம் பத்து நாளில் அரிசியைச் சுற்றி ஆடை படரும். அந்த ஆடைக்கு அடியில் அமீபாக்கள் மேயும். எப்போதும் இரண்டு கிண்ணம் வைப்பார், ஒன்று போனாலும் ஒன்று இருக்கட்டும் என்று.

எங்கள் அமீபாவில் ஒரு சின்ன விஷயம் உதைத்துக்கொண்டே இருந்தது. பாடப் புத்தகத்தில் இருக்கும் அமீபா பெரியது, நாலாபக்கமும் விரல் விரலாக நீட்டிக்கொண்டு இருக்கும். எங்களுடையது பொடியன். விரலும் இல்லை, நத்தை ஓட்டை விட்டுவிட்டு வந்ததுபோல் ஒரே திசையில் வழுக்கிக்கொண்டு போகும். மாணவர்கள் கேட்டால் நான் தயங்காமல் பதில் சொல்வேன்: "நம்ம ஊரு அமீபா ஒல்லிதான். சாப்பாடு பத்தலை." வகுப்பே சிரிக்கும். நானும் சிரிப்பேன். ஏழு வருடம் அந்தப் பதிலை வைத்தே ஓட்டினேன். ஒருமுறைகூட உட்கார்ந்து, இது அமீபாதானா என்று எனக்கு நானே கேட்டுக்கொள்ளவில்லை.

வெளியூரிலிருந்து தேர்வாளர் வருகிறார் என்றால் எங்கள் ஆய்வகம் மாப்பிள்ளை வீட்டார் வரும் வீடாக மாறிவிடும். மேசைக்கு வெள்ளைத்தாள், குடுவைகளுக்குப் புது ஒட்டுச்சீட்டு, எலும்புக்கூட்டின் தலையில் தூசி தட்டல். அந்தப் புதன்கிழமை காலை எட்டரை மணிக்கு நான் அமீபாக் கிண்ணத்தை மோந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தேன். முந்தின வருடம் வந்தவர் நாற்றம் என்று மூக்கைப் பிடித்திருந்தார். "என்ன அக்கா இது, சாக்கடை மாதிரி இருக்கு. இந்தத் தண்ணிய எடுத்துட்டு டிஸ்டில்ட் வாட்டர் ஊத்திப் பளிச்சுன்னு வைங்க" என்றேன். "அதுக்குப் பழகின தண்ணி மேடம்" என்று அவர் தயங்கினார். "வர்றவங்க நம்மளப் பத்தி என்ன நினைப்பாங்க" என்று சொல்லிவிட்டு நான் அடுத்த மேசைக்குப் போய்விட்டேன். சொன்னது எனக்கு மறந்தும் போய்விட்டது.

பத்தரை மணிக்குத் தேர்வாளர் நுண்ணோக்கியில் கண்ணை வைத்தார். வெகுநேரம் எடுக்கவில்லை. "மேடம், இது ஏதோ வால் உள்ள ஜந்தால்ல இருக்கு. அமீபா எங்க?" என்றார். நான் பார்த்தேன். பேரிக்காய் வடிவில் என்னென்னவோ விர்விர்ரென்று சுற்றிக்கொண்டிருந்தன. ஒரு அமீபாகூட இல்லை. முப்பது மாணவர்களும் விழித்தார்கள். ஒரு பெண் மட்டும் துணிந்து 'யூக்ளினா' என்று எழுதியிருந்தாள். யூக்ளினா பச்சையாக இருக்கும், வாலால் நீந்தும், குளத்தில் கிடக்கும் வேறொரு ஒற்றைச்செல் உயிரி. அவளுக்குச் சுழியம் போட்டோம். துறைத் தலைவரின் முகம் கறுத்துவிட்டது. லேப் அக்கா பின்னாலிருந்து, "சார், அதேதான் சார் இது. காலையில ஊர்ந்துகிட்டு இருந்துது, இப்ப ஓடுது" என்றார். "உனக்கென்னம்மா தெரியும், சும்மா இரு" என்று எல்லார் முன்னாலும் சொன்னார் தலைவர்.

மறுநாள் லேப் அக்காவுக்கு மெமோ வந்தது. கலப்படமான கிண்ணத்தைத் தேர்வில் வைத்துத் துறைக்கு அவப்பெயர் ஏற்படுத்தியதற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் துறையோடு முடிந்துவிடும். இல்லையென்றால் திங்கட்கிழமை கல்லூரி முதல்வர் மேசைக்குப் போகும். போனால் நிரந்தரப் பட்டியலில் அவர் பெயர் இருக்காது. இது எல்லாருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். நான் நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு அவரை ஓரமாக அழைத்துப் போனேன். "ரெண்டு வரி எழுதிக் குடுத்துடுங்க. கவனக்குறைவா நடந்துடுச்சு, இனிமே நடக்காதுன்னு. சார் மூடி வச்சிடுவார்." "நடந்தத எழுதச் சொல்லுங்க மேடம், எழுதுறேன். நடக்காதத எப்படி எழுதுறது?" என்றார்.

வெள்ளிக்கிழமை அவர் எழுதிக் கொடுத்ததுதான் அந்தத் தாள். தலைவர் வெளியூர் போயிருந்ததால் என்னிடம் தந்தார். "அமீபாவுக்கு வால் முளைக்குமா? படிச்சவங்கதானே நீங்க?" என்று கத்தினேன். "முளைச்சுது மேடம்" என்றார். குரலை உயர்த்தக்கூட இல்லை. சோதனைக்குழாய்களைக் கழுவப் போய்விட்டார். நான் மறுபடி அந்தத் தாளை வாசித்தேன். 'புதுத் தண்ணீர் ஊற்றினேன்' என்ற இடத்துக்கு வந்ததும் நின்றுவிட்டேன். ஊற்றச் சொன்னது யார்? நான். 'மேடம் சொன்னதால் ஊற்றினேன்' என்று எழுதியிருந்தால் அவர் தப்பித்திருப்பார். அதை அவர் எழுதவில்லை. கவனக்குறைவு என்று எழுதச் சொல்லி நான் யாருடைய குற்றத்தை யார் தலையில் கட்டப் பார்த்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

கோபத்தில் செய்யாததை வெட்கத்தில் செய்தேன். துறைக் கணினியின் முன் உட்கார்ந்து, அமீபாவுக்கு வால் முளைக்குமா என்று தேடினேன். கேள்வியை அடிக்கும்போதே சிரிப்பாக இருந்தது. முக்கால் மணி நேரத்தில் சிரிப்பு போய்விட்டது. முளைக்குமாம். நிலத்து ஈரத்திலும் வெதுவெதுப்பான தண்ணீரிலும் ஊர்ந்து திரியும் ஒரு பொடிக் கூட்டம் உண்டு. இரை தீர்ந்து தண்ணீர் வெறுந்தண்ணீராகிவிட்டால் அது உருண்டு திரண்டு இரண்டு வால்களை வளர்த்துக்கொண்டு நீந்திப் போகும். எல்லாம் ஒன்றரை இரண்டு மணி நேரத்துக்குள். அதன் ஊரும் உருவத்துக்கு எழுதியிருந்த வர்ணனை: ஒரே திசையில் வழுக்கிப் போகும், விரல்கள் இல்லை. ஏழு வருடமாக எங்கள் கிண்ணத்தில் மேய்ந்த ஒல்லி அமீபா. நான் எழுந்து குழாயடிக்கே ஓடினேன். "நாளைக்கு லீவுதான், வர முடியுமா?" என்றேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு, "ரெண்டாவது கிண்ணம் அப்படியே இருக்கு மேடம். அதுல தண்ணி மாத்தல" என்றார்.

சனிக்கிழமை காலை பத்து மணி. வெளியே ஐப்பசி மழை ஊற்றிக்கொண்டிருந்தது. இரண்டாவது கிண்ணத்திலிருந்து ஒரு சொட்டு எடுத்து, காய்ச்சி வடித்த தண்ணீரில் அலசி, மெல்லிய மூடுகண்ணாடியில் வைத்து, நடுவில் குழி உள்ள கண்ணாடித் தகட்டின் மேல் தலைகீழாகத் தொங்கவிட்டார். காய்ந்துவிடாமல் இருக்க மூடுகண்ணாடியின் ஓரமெல்லாம் வாஸ்லின் தடவினார். எனக்கு அது தோன்றியே இருக்காது. ஒரு ஸ்டூலில் அவர், ஒரு ஸ்டூலில் நான், நடுவில் நுண்ணோக்கி. பத்து நிமிடத்துக்கு ஒருவர் என்று பார்த்தோம். முதல் ஒரு மணி நேரம் ஒன்றுமே நடக்கவில்லை. பதினொன்றேகால் இருக்கும், அவர் கண்ணை எடுக்காமலே, "மேடம், ஒண்ணு நின்னுடுச்சு" என்றார். பார்த்தேன். ஊர்ந்துகொண்டிருந்த ஒன்று உருண்டையாகிக் கிடந்தது. பிறகு இன்னொன்று. பிறகு நாலைந்து. அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். அவர் பதறவேயில்லை. விளக்கைக் கழற்றிவிட்டு அடியில் பழைய கண்ணாடியை மாட்டி, ஜன்னல் பக்கம் திருப்பி, ஒளித்துளையைப் பாதி மூடினார். "இப்பப் பாருங்க." மழை வெளிச்சம் மங்கலாகச் சாய்ந்து விழுந்தது. விளக்கு வெளிச்சத்தில் கரைந்து போயிருந்தது இப்போது கோடு கோடாகத் தெரிந்தது. ஓர் உருண்டையின் ஓரத்தில் இரண்டு மயிரிழைகள் நெளிந்தன. உருண்டை ஒருமுறை நடுங்கியது, இன்னொருமுறை நடுங்கியது, சுற்றியது, பார்வை வட்டத்தை விட்டே ஓடிவிட்டது.

நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. அவர் கையைப் பிடித்து உலுக்கினேன் என்று பிறகு அவர்தான் சொன்னார். நாற்பத்தெட்டு வயதுப் பேராசிரியை, முனைவர் பட்டம் வாங்கியவள், யாருமில்லாத ஆய்வகத்தில் ஸ்டூலைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றது மட்டும் நினைவிருக்கிறது. இல்லாத வாலை ஓர் உயிர் என் கண்ணெதிரே செய்துகொண்டது. அவர் அமைதியாக, "இதத்தான் மேடம் எழுதினேன்" என்றார்.

மற்றவையும் ஒவ்வொன்றாக ஓடும்வரை உட்கார்ந்திருந்தோம். முந்தின நாள் படித்ததெல்லாம் என் வாயில் வரிசையில்லாமல் கொட்டியது. இது புத்தகத்து அமீபாவின் சொந்தமே இல்லை, யூக்ளினாவுக்குத்தான் கிட்டத்துச் சொந்தம் என்றேன். சுழியம் வாங்கிய பெண்தான் எங்கள் எல்லாரையும்விட உண்மைக்கு அருகே போயிருந்தாள். அவர் தலையை ஆட்டினார். "முகம் ஒண்ணா இருந்தா பங்காளி ஆயிடுமா மேடம்? எங்க சித்தி பொண்ணுக்கு நாகப்பட்டினம் பக்கத்துலேருந்து ஒரு வரன் வந்துது. இவங்க கறுப்பு, அவங்க செவப்பு, மூக்கு முழி எதுவும் ஒட்டல. எல்லாம் பேசி முடிச்சுத் தட்டு மாத்துற நேரத்துல ஒரு பெரியவர் குலதெய்வம் என்னன்னு கேட்டார். ரெண்டு பேருக்கும் ஒரே சாமி, ஒரே கோயில். என்னைக்கோ பிரிஞ்சு போன பங்காளி. அண்ணன் தங்கச்சி முறையாச்சே, தட்டைத் திருப்பி எடுத்துகிட்டு வந்துட்டாங்க. இன்னொரு இடத்துல பாருங்க, பொண்ணும் மாப்பிள்ளையும் ஒரே அச்சு. சாமி வேற. கல்யாணம் ஆகி ரெண்டு புள்ளைங்க." கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "இதுங்களுக்குச் சாமி எங்க இருக்கு மேடம்?"

இருபது வருடம் பாடம் நடத்தியும் அப்படி ஒரு கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. செல்லுக்குள்ளே மரபணுவில் இருக்கிறது என்றேன். உருவம் பிழைப்புக்காக மாறிவிடும், உள்ளே எழுதியிருப்பது பிள்ளைக்குப் பிள்ளை அவ்வளவு சுலபமாக மாறாது, அதை வாசித்துத்தான் இப்போது யார் யாருக்குப் பங்காளி என்று பார்க்கிறார்கள். பார்த்தபோது அமீபா என்ற வீடே உடைந்துவிட்டது. ஊரும் உயிர்களை எல்லாம் ஒரே பெட்டியில் போட்டு அமீபா என்று பெயர் எழுதி வைத்திருந்தோம். திறந்து பார்த்தால் உள்ளே சம்பந்தமே இல்லாத பல குடும்பங்கள். வயல் சேற்றில் ஓடு கட்டிக்கொண்டு வாழும் அமீபாக்கள் இருக்கின்றன. அவற்றிலேயே தடித்த விரல் நீட்டுபவை ஒரு குலம், நூல்போல நீட்டுபவை வேறு குலம். இரண்டும் தனித்தனியாக ஓடு கட்டக் கற்றுக்கொண்டவை. மழைக்கு வைக்கோற்போரில் மஞ்சளாக வழியுமே, பூஞ்சை என்று நினைப்போமே, அது புத்தகத்து அமீபாவின் நெருங்கிய சொந்தம். ஊர்வது ஒரு நடை, குலமில்லை. யாருக்கெல்லாம் தேவைப்பட்டதோ அவர்களெல்லாம் அப்படி நடந்திருக்கிறார்கள். ஆதியில் எல்லாருக்கும் பொதுவாக இருந்த ஓர் உயிருக்கு ஊரவும் நீந்தவும் இரண்டும் தெரிந்திருக்கலாம் என்றுகூடச் சிலர் நினைக்கிறார்கள். அந்தப் பழைய வித்தை இன்னும் முழுசாகக் கைவசம் இருக்கும் ஒரு குடும்பம் திருவையாற்றுப் பக்கத்துச் சம்பா வயலில் குடியிருந்திருக்கிறது.

"இன்னொண்ணு கேளுங்க" என்றேன், என்னால் நிறுத்த முடியவில்லை. "புத்தகத்துல இருக்கே அந்தப் பெரிய அமீபா, அது இதோ ஓடுற இதைவிட உங்களுக்கும் எனக்கும்தான் கிட்டத்துச் சொந்தம்." அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த கையை நிறுத்தினார். "நமக்கா? பங்காளியா?" "ரொம்பத் தூரத்துப் பங்காளி." "அப்ப செத்தாத் தீட்டுக் காக்கணுமா மேடம்?" என்றார். நான் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவரும் சிரித்தார். மெமோ வந்த பிறகு அவர் முகத்தில் சிரிப்பை அன்றுதான் பார்த்தேன். மாலை நான்கு மணிக்கு, ஓடியவற்றில் பாதி வாலை இழந்து மறுபடி ஊரத் தொடங்கியிருந்தன. அதையும் பார்த்துவிட்டுத்தான் பேருந்துக்குப் போனோம்.

திங்கட்கிழமை என் கடிதத்தையும் அவர் கடிதத்தையும் சேர்த்துத் தலைவர் மேசையில் வைத்தேன். தண்ணீரை மாற்றச் சொன்னது நான், வைத்தது என்ன உயிர் என்று ஏழு வருடமாகத் தெரியாமல் பாடம் நடத்தியதும் நான் என்று எழுதியிருந்தேன். தலைவர் என்னை நம்பவில்லை. நியாயம்தான், நானே நம்பவில்லையே. ஆய்வகத்துக்கு அழைத்து வந்தோம். காலை ஒன்பதரைக்கு லேப் அக்கா தண்ணீர் மாற்றி வைத்திருந்தார். தலைவர் குனிந்தவர் நிமிரவில்லை. ஒன்று ஓடியது, இன்னொன்று ஓடியது. கடைசியில் நிமிர்ந்து, "சரிம்மா, அந்த மெமோவ விட்டுடு. நான் ஒண்ணும் மேல அனுப்பல" என்றார். எனக்கு அதுவே போதும் என்றிருந்தது. லேப் அக்காவுக்குப் போதவில்லை. "எழுத்துலதானே சார் குடுத்தீங்க. இல்லேன்னு சொல்றதையும் எழுத்துலயே குடுத்துடுங்க சார்" என்றார். தலைவர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். அவர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

பட்டியலில் அவர் பெயரும் இடம்பெற்று மேலே போனது. வேலை நிரந்தரமாக இன்னும் இரண்டு வருடம் பிடித்தது, அது எல்லாருக்கும் சேர்ந்தே நடந்தது. இன்று அவர் அதே ஆய்வகத்தில்தான் இருக்கிறார், நான் இந்த வருடம் ஓய்வு பெறுகிறேன். பக்கத்து மாநிலத்திலிருந்து மூளையைத் தின்னும் அமீபா என்று செய்தி வரும்போதெல்லாம் முதல் தொலைபேசி அவரிடமிருந்துதான் வரும். அந்த உயிர் எங்கள் கிண்ணத்துக் குடும்பத்தைச் சேர்ந்தது. மூக்கு வழியாக உள்ளே போனால்தான் ஆபத்து. இருந்தாலும் இப்போதெல்லாம் கையுறை போடாமல் அந்தக் கிண்ணத்தை நாங்கள் தொடுவதில்லை. அவருடைய வருத்தம் வேறு. "யாரோ செஞ்சதுக்கு அமீபா பேரக் கெடுக்குறாங்க மேடம்" என்பார். என்னுடைய ஆண்டுகளில் நான் ஒழுங்காக நடத்திய பாடம் ஒன்று உண்டென்றால் அது அமீபாப் பாடம்தான். இது என்ன என்று கேட்ட மாணவருக்குச் 'சாப்பாடு பத்தலை' என்று பதில் சொன்ன ஆசிரியையைப் பற்றிச் சொல்லித்தான் அதைத் தொடங்குகிறேன்.

ஆனால் அந்த வருடங்களை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அடுத்த ஆண்டின் செய்முறைத் தேர்வு. வேறொரு தேர்வாளர் வந்திருந்தார். நாங்கள் ஒரு மேசையில் இரண்டு நுண்ணோக்கிகளை வைத்து, ஒன்றில் ஊர்வது, ஒன்றில் ஓடுவது, இரண்டும் யார், என்ன உறவு என்று மாணவர்களிடம் கேட்டிருந்தோம். தேர்வாளர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தலைவரிடம், "சார், இது எனக்குப் புதுசா இருக்கே. கொஞ்சம் விளக்கிச் சொல்லுங்களேன்" என்றார். நான் வாயைத் திறந்தேன். தலைவர் என்னைக் கையமர்த்தினார். சுவரோரம் குடுவைகளோடு நின்றிருந்த லேப் அக்காவைப் பார்த்து, "இதக் கண்டுபிடிச்சவங்க அவங்கதான். அவங்க சொல்லுவாங்க" என்றார். அத்தனை வருடத்தில் தேர்வு நாளில் அந்த அறையில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஆசிரியர்கள் உட்காருவோம், அவர் நிற்பார், அதை யாரும் கவனித்ததுகூட இல்லை. தலைவர் தன் பக்கத்தில் இருந்த நாற்காலியை இழுத்து மேசைக்கு அருகே போட்டார். "உக்காந்து சொல்லுங்கம்மா, ஊர்றது ஓடுறத அவருக்குக் காட்ட ரெண்டு மணி நேரம் ஆகுமே" என்றார். லேப் அக்கா ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.